ஊனா சொன்ன ஆற்றின் கதை

ஊனா அயர்லாந்தில் இருந்து ஜெர்மனியின் எசன் நகரத்துப் பள்ளிக்கு வந்து மூன்று வாரம் ஆகியும் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அவளுக்கு ஜெர்மன் மொழி அரைகுறைதான். இன்று ஆசிரியை, "உங்கள் ஊரில் ஏதாவது ஓர் இடத்துக்கு எப்படிப் பெயர் வந்தது?" என்று கேட்டதும், அதிசயமாக அவள் கையை உயர்த்தினாள்.

"எங்கள் நாட்டில் மேடு, பள்ளம், ஆறு எல்லாவற்றுக்கும் கதை இருக்கிறது," என்று சொற்களைத் தேடித் தேடிப் பேசினாள். "ஒரு கிணறு. சுற்றிலும் மரங்கள். அவற்றின் கொட்டைகள் தண்ணீரில் விழும். உலகத்து அறிவெல்லாம் அந்தக் கொட்டைகளுக்குள் இருந்தது. யாரும் கிட்டப் போகக்கூடாது. ஷினன் என்ற பெண் போனாள். குனிந்து பார்த்தாள். கிணறு பொங்கி எழுந்து அவளைத் துரத்தியது..."

அதே வகுப்பில் படிக்கும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளை சுஜீவாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"கிணறு துரத்துமா? சரியான புளுகு!" அவள் பக்கத்தில் இருந்த இன்னொரு தமிழ்ப் பிள்ளை கொட்வின் சத்தமாகச் சிரித்தான். வகுப்பே சேர்ந்து சிரித்தது. ஊனா முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டாள்.

சுஜீவாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தப் பிள்ளை இனி வாய் திறக்கவே மாட்டாளே! கதையும் பாதியில் நிற்கிறதே! சிரிக்கத்தானே வேண்டும், என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று எழுந்தாள்.

"பேசாமல் இரு! என்ன சொல்லப் போறாய்?" என்று கொட்வின் தமிழில் கிசுகிசுத்தான்.

"நீ வாயை மூடு. நான் சொல்லத்தான் போறன்."

பிறகு ஜெர்மனில் தொடங்கினாள். "தமிழில் 'ஊர்' என்றால் நாம் பிறந்து வளர்ந்த இடம். இங்கே ஓடும் ஆறு ரூர். எனக்கு ஐந்து வயதில், இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்த நேரம், 'நாளைக்கு ஊருக்குப் போறம்' என்று அம்மா சொன்னார். அவர் சொன்னது மன்னாரை. எனக்கு ரூர் என்று கேட்டது. நீச்சலுடை போட்டு, இடுப்பில் மிதவை வளையத்தோடு வாசலில் நின்றேன். விமான நிலையம் வரைக்கும் அதைக் கழற்றவே இல்லை!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஊனாவும் சிரித்தாள். கொட்வினுக்கு விக்கலே வந்துவிட்டது.

"ஊனா, கிணறு துரத்தியதே, பிறகு?" என்று சுஜீவா கேட்டாள்.

ஊனா மெல்ல எழுந்தாள்.

"அவள் ஓடினாள். காட்டைத் தாண்டி, கடல் வரைக்கும். தண்ணீர் பின்னாலேயே வந்தது. கடைசியில் அவளைப் பிடித்து மூழ்கடித்தது. அவள் ஓடிய வழிதான் எங்கள் பெரிய ஆறு. ஷானன். ஷினன் என்ற அவளுடைய பெயர்தான் அப்படி ஆனது."

கொட்வின் சின்னக் குரலில் கேட்டான்.

"அவள் வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லையா?"

"இல்லை," என்றாள் ஊனா. "இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள்."

இடைவேளை மணி அடித்தது. ஒரு பிள்ளையும் இடத்தைவிட்டு எழவில்லை.