கூரையில் ஒரு முற்றம்

உதவி செய்யப் போய் உபத்திரவம் செய்வது என்று சொல்வார்களே, அதைத் தாட்சாயினி அந்த வியாழக்கிழமை மத்தியானம் முழு மனதோடு செய்து முடித்தாள்.

பிரெஞ்சு பேசும் நகர்ப்பகுதியான வில்லரேயில் அவளுடைய பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் குடும்பத்தின் ஊரை அட்டையில் செய்து வைத்திருந்தார்கள். மறுநாள் மாலை அம்மா அப்பாமார் பார்க்க வருவார்கள்.

அவளுடைய சிநேகிதி ஷுஷான் ஆர்மீனியப் பிள்ளை. தன் அப்பா பிறந்த மலைக் கிராமத்தை அவருக்குக் காட்டுவதற்காகவே ஒரு மாதமாக ஒட்டியிருந்தாள். மண்ணிற வீடுகள் படிக்கட்டுப் போல ஒன்றுக்குமேல் ஒன்றாக மலையில் ஏறின. ஆனால் எல்லாமே மொட்டையாக நின்றன. ஒன்றுக்கும் ஓட்டுக் கூரை இல்லை.

இடைவேளையில் வகுப்பில் தனியே நின்ற தாட்சாயினி அதைக் குனிந்து பார்த்தாள். கூரை இல்லாத வீட்டை அவளுக்குத் தெரியும். அம்மாவின் சாவகச்சேரி வீட்டுப் படம் அவர்கள் சுவரில் தொங்குகிறது. சண்டையில் கூரை போன வீடு அது. அந்தப் படத்தைத் துடைக்கும்போது அம்மா யாரோடும் கதைப்பதில்லை.

'பாவம், ஷுஷானின் ஊரிலும் சண்டை நடந்திருக்கிறது' என்று நினைத்தாள். உடனே சிவப்பு அட்டையை எடுத்தாள். வெட்டினாள், மடித்தாள், பசை பூசினாள். மற்றவர்கள் விளையாடிவிட்டு வருவதற்குள் ஊர் முழுவதற்கும் கூரை போட்டுவிட்டாள். எந்த அரசாங்கமும் இவ்வளவு வேகமாக வேலை செய்திருக்காது.

ஷுஷான் உள்ளே வந்தாள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஆர் இதைச் செய்தது?"

இருவரும் பிரெஞ்சில்தான் கதைப்பார்கள். நாம் தமிழில் கேட்போம்.

"நான்தான். உங்கட வீடுகள் உடைஞ்சுபோய் நிண்டுது. அதுதான்..."

"உடையேல்லை! எங்கட ஊரிலை கூரை தட்டைதான். கீழ் வீட்டுக் கூரைதான் மேல் வீட்டுக்கு முற்றம். அப்பா அந்த முற்றத்திலைதான் நடை பழகினவர். இப்ப அவருக்கு எதைக் காட்டுறது?"

சொல்லும்போதே ஷுஷான் அழுதுவிட்டாள். தாட்சாயினி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"மன்னிச்சுக்கொள். வா, கழட்டுவம்."

கழற்றினார்கள். சிவப்புக் கூரையோடு மண்ணிறத் தாளும் உரிந்து வந்தது. ஒவ்வொரு வீட்டின் தலையிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். மண்ணிறத் தாளோ பூச்சோ மிச்சமில்லை என்றார் ஆசிரியர் மிஸ்யூ பேனாட்.

இந்த முறை தாட்சாயினி கையை வைக்காமல் வாயைத் திறந்தாள்.

"அந்த முற்றத்திலை வேறை என்ன இருக்கும்?"

ஷுஷான் மூக்கை உறிஞ்சினாள். "கோடையிலை அப்ரிகொட் பழத்தைப் பிளந்து காய விடுவினம். மேலை இருந்து பாத்தா ஊரே செம்மஞ்சளா இருக்குமாம்."

"மேல் வீட்டுப் பிள்ளையள் குதிச்சா கீழ் வீட்டுச் சாப்பாட்டிலை மண் விழாதே?"

"விழும். கீழ் வீட்டுக்காரர் ஏசுவினம். ஆனா அவையின்ர பழமும் இன்னொருத்தற்ற கூரையிலைதானே காயுது? எவ்வளவு நேரம் கோவிக்கிறது?"

தாட்சாயினி வாயைப் பிளந்தாள். மதிலே இல்லாத ஊர்! அவளுடைய வீட்டில், மேல்மாடிக்காரர் கதிரையை இழுத்தாலே அப்பா கூட்டுகிற தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார். தன் தலைக்கு மேலே அடுத்த வீட்டுப் பிள்ளையை ஓடி விளையாட விடுவதற்கு எவ்வளவு நல்ல மனம் வேண்டும்! அந்த ஊரை நினைக்க நினைக்க அவளுக்கு ஆசையாக இருந்தது. அதை வெள்ளைத் திட்டுகளோடு விட முடியாது.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, கொஞ்சம் மைசூர்ப் பருப்புத் தாங்கோ."

"ஏன், சமைக்கப் போறியோ?"

"இல்லை. கூரையிலை காய வைக்கப் போறன்."

"காய்ஞ்ச பருப்பை ஏனடி திரும்பக் காய வைக்கிறாய்?"

கேட்டாலும் அம்மா ஒரு பை நிறையக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஷுஷானிடம் பருப்பைக் காட்டி, "ஒட்டட்டோ?" என்று கேட்டாள். ஷுஷான் ஒரு பருப்பைக் கூரையில் வைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். இருவருமாக வெள்ளைத் திட்டுகள் எல்லாவற்றிலும் பருப்பை ஒட்டினார்கள். ஊர் செம்மஞ்சளாக மாறியது.

மாலையில் ஷுஷானின் அப்பா வந்தார். துறைமுகத்தில் லொறி ஓட்டுபவர், பெரிய மீசைக்காரர். முழந்தாளிட்டு அந்த ஊரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஷுஷான் தாட்சாயினியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அப்போது யன்னலில் சடசடவென்று மழை அடித்தது.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஆர்மீனிய மொழியில் ஏதோ சத்தமாகச் சொன்னார். ஷுஷான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"மழை வருதாம்! ஓடிப்போய்ப் பழத்தை அள்ளட்டாம்!"

அவரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

தாட்சாயினி பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னாள். முற்றத்தில் மிளகாய் காய வைத்த வீட்டில் வளர்ந்தவர் அம்மா. யோசிக்கவே இல்லை.

"ஐயோ, பாத்துக்கொண்டு நிக்கிறியே? நனையப் போகுது பிள்ளை!"

தாட்சாயினி இரண்டு கைகளையும் விரித்து ஊரின் மேல் பிடித்தாள். பக்கத்தில் ஷுஷானின் கைகளும் வந்து சேர்ந்தன. அந்த மழையில் ஒரு பழம்கூட நனையவில்லை.