ஒரு தட்டு உண்மை, இரண்டு தட்டு பொய்

அவள் விரல் மேசையைத் தொடுவதற்கு முன்பே தட்டும் சத்தம் கேட்டுவிட்டது.

கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் மரத்துக்குச் சற்று மேலே அந்தரத்தில் நின்றிருந்தது. வெளியே சாயங்கால மழை பிடித்திருந்தது. ஜன்னல் தகரத்தில் சொட்டும் நீர், பக்கத்து வீட்டுக் குழாயின் விக்கல், இளந்தீயில் வைத்த பாலின் முணுமுணுப்பு, ஈரம் ஏறிய சுவரிலிருந்து கிளம்பிய பழைய சுண்ணாம்பு வாசனை என்று வீடே வாய் ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. அதில் ஏதோ ஒன்று என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி தாளைக் கையில் எடுத்தாள்.

ஓர் உடல்நலப் பத்திரிகையில் கட்டுரைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படிப்பாள். ஆதாரம் இருந்தால் விரலால் மேசையில் ஒரு தட்டு. இல்லாவிட்டால் இரண்டு தட்டு, பிறகு சிவப்பு மையால் ஒரு கோடு. எப்போது தொற்றிக்கொண்ட பழக்கம் என்று அவளுக்கே நினைவில்லை. அலுவலகத்தில் அவளுக்கு ‘ஊசி’ என்று பெயர். இந்தக் கட்டுரையை எழுதியவருக்குப் ‘பலூன்’. அவர் ஊதுவார், இவள் குத்துவாள்.

மனித உடலுக்குள் குடியிருக்கும் பிறருடைய செல்களைப் பற்றியது கட்டுரை. மதியமே பலூன் போனில் கெஞ்சியிருந்தார்.

“ஊசி, இந்தத் தடவை கொஞ்சம் பார்த்துக் குத்தும்மா. கடைசி வரி போச்சுன்னா கட்டுரையே போச்சு.”

“எந்த வரி சார்?”

“இறந்துபோன குழந்தையும் தாய்க்குள் வாழ்ந்துகொண்டே இருக்கிறது. படிக்கிறவங்க அழுதுடுவாங்க.”

“அழறதுக்கும் ஆதாரம் வேணும் சார்.”

“உனக்கு நெஞ்சுல என்ன, கல்லா?”

அவர் மூன்று முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பாவம், அவருக்குத் தெரியாது. அவள் இந்தப் பத்திரிகைக்கு வந்ததே அதற்கெல்லாம் பிறகுதான்.

முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்தபோது வேறொரு பத்திரிகை, இதே மேசை. வயிறு மேசை விளிம்பில் இடிக்க உட்கார்ந்து படிப்பாள், தட்டுவாள். உள்ளேயிருந்து பதில் வரும். ஒரு தட்டுக்கு ஓர் உதை. இரண்டுக்கு இரண்டு. கணவனிடம்கூடச் சொல்லாமல் பொத்திவைத்த விளையாட்டு அது. எட்டாம் மாதம், வெயில் கொளுத்திய ஒரு நாளில், தட்டினாள். பதில் இல்லை. இரண்டு தட்டினாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஈராண்டு கழித்துச் சிட்டு பிறந்தாள். போனவனைப் பற்றிச் சிட்டு காதில் எதுவுமே விழக் கூடாது என்று கணவன் சத்தியம் வாங்கிக்கொண்டான். ஐந்து வயதாகியும் அவளுக்கு இன்றுவரை தெரியாது.

“கருவிலிருக்கும் குழந்தையின் செல்கள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன.”

உண்மை. விரலை இறக்கினாள். அதற்குள் சிட்டு படுத்திருந்த உள்ளறையில் ஒரு தட்டு.

“அவற்றில் சில, பல ஆண்டுகள் கழித்தும் தாயின் உடலில் தங்கியிருக்கலாம்.”

ஒரு தட்டு.

“அவை தாயின் மனத்தை ஆட்டிப்படைக்கின்றன.”

வழக்கமான பலூன். அவள் விரல் அசையவே இல்லை. உள்ளறையில் இரண்டு தட்டு.

“சிட்டு, சுவரைத் தட்டாதேடி.”

“நான் தட்டலம்மா.”

“பின்ன யாரு, பூனையா?”



“தெரியலம்மா. வயிறு குடையுது.”

ஒரு வாரமாக இதே பாட்டு. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “பூச்சிதான், ஒரு மாத்திரையில ஓடிடும்” என்றார். மாத்திரை உள்ளே போனது. எதுவும் ஓடவில்லை.

“தண்ணி குடிச்சிட்டுப் படு கண்ணு. இதோ வந்துடறேன்.”

அடுத்த வாக்கியத்தில் கண் நின்றது. மூத்த பிள்ளையின் செல்கள் தாய் வழியாக இளைய பிள்ளைக்கும் போய்ச் சேரக்கூடும். மதியமே தேடிப் பார்த்துவிட்டாள். சில ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றன. ‘கூடும்’ என்றுதான் போட்டிருக்கிறார், குத்த வழியில்லை. அதையும் வாய்விட்டுப் படித்தாள்.

ஒரு தட்டு. இந்த முறை அழுத்தமாக.

எழுந்து ஓடவேண்டும் என்று கால் சொன்னது. அவளோ தன் தொழிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். செல் என்பது செல்தான். அதற்குக் காது கிடையாது. ஞாபகம் கிடையாது. லட்சத்தில் ஒன்றாக எங்கோ ஒட்டிக்கொண்டிருப்பது எப்படித் தட்டும்? தினமும் அம்மாவைப் பார்க்கிற பிள்ளை, பார்த்ததைச் செய்கிறது. சரி, சரிபார்த்துவிடலாம். சிட்டுவுக்குத் தெரியவே முடியாத ஒன்றைச் சொல்லிப் பார்த்தால் தீர்ந்தது. பால் அடிப்பிடிக்கும் வாடை மூக்கில் ஏறியது. அவள் அடுப்பின் பக்கம் திரும்பவில்லை.

“அவன் எட்டாம் மாசத்துல போனான்.” மூச்சை மட்டும் விடுவதுபோல, மெதுவாக.

ஒரு தட்டு.

குருட்டாம்போக்காக இருக்கலாம்.

“அன்னைக்கு மழை.”

இரண்டு.

வெயில். அன்று வெயில்.

“நான் யாருன்னு... உனக்குத் தெரியும்.”

ஒரு தட்டு. மெல்ல. செல்லமாக.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது? குழாயும் ஓய்ந்திருந்தது. வீடு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. மிச்சம் இருந்தது கடைசி வரி. அதைப் படிக்காமல் எழுந்துவிடலாம். படித்தாள்.

“இறந்துபோன குழந்தையும் தாய்க்குள் வாழ்ந்துகொண்டே இருக்கிறது.”

ஒன்றுமில்லை.

பிறகு, இரண்டு தட்டு.

பொய். அவள் அழுதேவிட்டாள். பொய்! அவளுக்குள் யாரும் இல்லை. பலூன் ஊதியதுதான். சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தாள். பேனா தாளைக் கிழித்தது.

கதவு கிரீச்சிட்டது.

சிட்டு உள்ளறை வாசலில் நின்றாள். பெரிய டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், சிந்தாமல் பிடிக்க அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி. விளிம்பு வரை தண்ணீர். முகம் வெளுத்திருந்தது.

“அம்மா, தூங்கவே விடமாட்டேங்குது.”

டம்ளரில் இரண்டு கையும். இரண்டும்.

அவள் பார்வை கிழிந்த தாளுக்குப் போனது. ஒரு வாக்கியம் தப்பு என்றால் முழுக்கத் தப்பாக இருக்க வேண்டியதில்லை. பல நேரம் ஒரே ஒரு சொல்தான். அதை மாற்றினால் போதும், நின்றுவிடும். இத்தனை வருடமாக அவள் செய்துவந்ததே அதைத்தான். எந்தச் சொல் என்று இப்போது தெரிந்தது. சொல்லக் கூடாது. பல்லைக் கடித்தாள்.

வாய் சொல்லிவிட்டது.

“தாய்க்குள்ள இல்ல... தங்கச்சிக்குள்ள.”

சிட்டு அசையவில்லை. அவள் சட்டையின் நடுவே, தொப்புளுக்கு மேலே, துணி ஒரு பிஞ்சு முட்டியின் அளவுக்கு எழுந்து அடங்கியது. டம்ளரில் தண்ணீர் வட்டமாக அதிர்ந்தது.

ஒரு தட்டு.