நாற்பத்திரண்டாவது படம்

நாற்பத்தொரு படங்களைத்தான் சாராள் தேர்ந்தெடுத்தாள். கம்ப்யூட்டர் நாற்பத்திரண்டை அனுப்பிக்கொண்டிருந்தது.

மேற்குத் தாம்பரத்தில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த எக்ஸ்ரே சென்டர். ஞாயிறு மதியம். வேறு யாரும் இல்லை. டெட்டால் வாசனையும், பக்கத்துப் பரோட்டாக் கடையிலிருந்து ஏறி வந்த எண்ணெய்ப் புகையும், மின்ரயில் போகும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடி சன்னமாக நடுங்கும் சத்தமும் அறைக்குள் கலந்து கிடந்தன. ஒரு மாதமாக மார்புப் படங்களில் ஒரு வெள்ளைக் கறை விழுகிறது. ஃபைல்களை அனுப்பச் சொல்லியிருந்தார், மெஷின் கம்பெனி சப்போர்ட்டில் இருக்கும் ஷ்யாம்சுந்தர். அவர் குரல் ஸ்பீக்கரில் இருந்தது.

"மேடம், நாப்பத்திரண்டு வந்திருக்கே?"

"எண்ணினதுல தப்பு சார்."

"ஞாயித்துக்கிழமை வேலைன்னா அப்படித்தான்," சிரித்தார். "கடைசி ஃபைல்ல பேரு ஜெயக்கொடி."

சாராளின் காது சுட்டது. அந்தப் படத்தை அவளே அழித்திருந்தாள்.

ஆறு வாரத்துக்கு முன்பு, இருமலோடு படப்பையிலிருந்து வந்தவள் ஜெயக்கொடி. ஸ்டாண்டில் நெஞ்சை ஒட்டி நிறுத்திவிட்டு, தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, எல்லாரிடமும் சொல்வதைத்தான் சாராள் சொன்னாள்: "மூச்சை நல்லா இழுத்து அடக்குங்க அக்கா. நான் விடுங்கன்னு சொல்ற வரைக்கும் விடாதீங்க." பட்டனை அழுத்தினாள். அந்த நேரம் பார்த்து போனில் தங்கையின் கல்யாணப் புடவைகள் வந்தன. பச்சையா, அரக்கா என்று சிரித்துக்கொண்டே பதில் அடித்தாள். ஜெயக்கொடி சொன்ன சொல்லைத் தட்டாதவள். விழுந்த சத்தத்தில்தான் சாராள் நிமிர்ந்தாள்.

தலையில் அடி. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

"படமே எடுக்கல சார், நிக்கும்போதே மயங்கிட்டாங்க," என்று முதலாளியிடம் சொன்னாள். அதுகூடப் பரவாயில்லை. காரியம் முடிந்து ஜெயக்கொடியின் மகள் வந்து, "நீங்கதான் ஓடி வந்து தூக்கினீங்களாம் அக்கா," என்று கையைப் பிடித்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாளே. வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து தின்றாளே.

"மேடம், இருக்கீங்களா?"

"அந்த ஒண்ணு வேணாம் சார். பழசு."

"இல்லயே, இத வச்சுத்தான் புரியுது. மத்த படத்துல இருக்கறது கறை இல்ல மேடம். தோள்பட்டை. ஒவ்வொரு பேஷண்ட் பின்னாடியும் இதே ஆளு நிக்கறாங்க." குரல் தணிந்தது. "படத்துக்குப் படம் நுரையீரல் பெருசாயிட்டே போகுது. மூச்சே விட மாட்டாங்களா?"

சாராள் அனுப்புவதை நிறுத்தினாள்.

"நாப்பத்து மூணாவது வருது. இப்ப எடுக்கறீங்களா? இந்த நிமிஷத்து நேரம் காட்டுதே?"

உள்ளறைக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் கை பட்டனில் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஸ்டாண்டை ஒட்டி. ஒரு முதுகு. தோள்கள் காதுவரை உயர்ந்து. ரவிக்கைத் தையல் தெறிக்க. அசையாமல். காத்துக்கொண்டு.

விடுங்க. ஒரு சொல். அது போதும்.

ஆனால் போனில் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கை முதலில் போனுக்குத்தான் போனது. அழைப்பை வெட்டினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

காற்று உள்ளே போனது. இன்னும் போனது. வெளியே வரவில்லை.

அவளுடைய தோள்கள் ஏறின. அந்தப் பக்கத்துத் தோள்கள் மெல்ல இறங்கின.

ஜெயக்கொடி திரும்பினாள். வெறும் உள்ளங்கையைப் போன்போல முகத்துக்கு நேரே பிடித்து, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாராள் கண்ணாடியைத் தட்டினாள். தட்டினாள்.

அவள் நிமிரவே இல்லை.