பாதிக்கு மேல்

இல்லக்கணினி மக்கர் செய்தால் வசுமதி முதலில் தேடுவது அழிரப்பரைத்தான். ரேமைக் கழற்றி, அதன் மஞ்சள் விளிம்பைத் தேய்த்துத் திரும்பச் செருகுவாள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். இன்று வரவில்லை.

கோவையின் அந்த அடுக்ககத்தில் கதவும் தண்ணீரும் இல்லக்கணினியின் கையில். சாவி என்ற பொருளே கிடையாது. கணினிக்குத் தெரிந்த முகம் வந்து நின்றால் கதவு தானாகத் திறக்கும்.

பழுது பார்க்க வந்த திருமூர்த்தி, தான் கொண்டுவந்த நல்ல பாகங்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தான். பவர் சப்ளையில் குறையில்லை. கடைசியில் மதர்போர்டைத் தொட்டுக் காட்டினான்.

"இதுதானுங்க போயிருச்சு."

"மாத்தீரு தம்பி."

"மாத்துனா இது நாலாவதுங்க. ஆறு பாகத்துல பாதிக்கு மேல போச்சுன்னா சட்டப்படி அது வேற கணினி. பழைய முகமெல்லாம் அழிஞ்சிரும். வீட்டுல இருக்கறவங்க நேர்ல நின்னு பதியோணும்."

வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். மகள் நறுமுகை, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு போனவள். மிதிப்பாள் என்று வசுமதி நம்பினாள். ஆனால் வீம்புக்காரி, மணியடித்துவிட்டு அம்மாவுக்காகக் காத்து நிற்கிற ரகமில்லை. கதவு தானாகத் திறந்தால் வருவாள், இல்லாவிட்டால் வந்த வழியே போய்விடுவாள்.

போன வருடம் பதறிப்போய் நல்ல ரேமையே மாற்றச் சொன்னதும் வசுமதிதான். ரப்பர் வித்தை அதற்கப்புறம்தான் தெரிந்தது. அதை விட்டுவைத்திருந்தால் இன்று கணக்கு பாதியோடு நின்றிருக்கும். தன்மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழையதையே எப்படியாவது ஓட்ட முடியாதா என்று கேட்டுப் பார்த்தாள். முடியாது என்றான். கணினி இல்லாத வீட்டுக்குத் தண்ணீரும் வராது. எப்படியும் வேறு கணினி என்று ஆனபின் முழுதாகப் புதியதையே வைத்துவிடலாம் என்றான். சரி என்றாள்.

புதியது விழித்ததும் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டது. இரண்டு என்றாள். எதிரே ஒரு முகம்தான் தெரிகிறது என்று சொல்லி, ஒன்று என்றே பதிந்துகொண்டது.

பழைய கணினியின் இரும்புக் கூட்டைத் திருமூர்த்தி தூக்கினான்.

"அத வெச்சுட்டுப் போ தம்பி."

அவன் போனதும் அதை இழுத்துக்கொண்டுபோய் நிலைப்படியில் வைத்தாள். மூட வந்த கதவு அதில் முட்டிப் பின்வாங்கியது. மறுபடி வந்தது, மறுபடி முட்டியது.

"கதவு திறந்திருக்கிறது" என்றது புதுக்கணினி.

"இருக்கட்டும்" என்றாள் வசுமதி.