நீங்கள் கண்காட்சிக்கு... நான் நகைக்கு!

டிரிங்... டிரிங்...!

சமையலறைச் சுவரை அளந்துகொண்டிருந்த பல் டாக்டர், டேப்பின் ஒரு முனையைக் கணவன் கையில் திணித்துவிட்டு செல்போனை எடுத்தாள்.

"ஹலோ..."

"டாக்டரா?"

கரகரவென்று ஓர் ஆண் குரல்.

"பல் வலின்னா திங்கக்கிழமை வாங்க. சனி, ஞாயிறு கிளினிக் லீவு."

"வலி எனக்கில்ல. உனக்குத்தான் வரப்போகுது! நாளைக்கு வீட்டு அலங்காரக் கண்காட்சிக்குப் போறியாமே?"

"ஆமா... நீங்க யாரு? ஸ்டால் போட்டிருக்கீங்களா? டைல்ஸா, குழாயா?"

எதிர்முனை ஒரு விநாடி தடுமாறியது. மிரட்டுகிறவனிடம் சரக்கு விசாரிக்கிற பெண்ணை அது அதற்கு முன் பார்த்ததில்லை போலும்.

"ஏய்! நல்லாப் போ. நல்லா சுத்திப் பாரு. நீ அங்க குழாயைப் பார்த்துட்டு இருக்கறப்போ... உன் வீட்டு நகையை நான் இங்க பார்த்துக்கறேன்!"

டொக்!

டாக்டரின் முகம் வெளுத்துப்போனது.

"என்ன ஆச்சு?" என்றான் கணவன். காலேஜில் பௌதிகம் நடத்துகிற வாத்தியார். வீட்டில் டேப் பிடிக்கிற உத்தியோகம்.

சொன்னாள்.

"அய்யய்யோ... உங்க அக்கா நகை!"

அதுதான் விஷயம். நகை டாக்டருடையது இல்லை. அவள் அக்காவுடையது. அக்காவும் தங்கையும் வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். ஏதோ அற்பக் காரணம், இப்போது இரண்டு பேருக்குமே சரியாக ஞாபகமில்லை. வாத்தியாரின் தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில், அக்கா உடைந்து அழுதுவிட்டாள். 'நீ வெறுங்கழுத்தோட நிக்கறதா?' என்று மொத்த நகையையும் தூக்கிக் கொடுத்தாள்.

கல்யாணம் நேற்று முடிந்தது. திங்கட்கிழமை காலை அக்கா வந்து வாங்கிக்கொள்வாள்.

"ஒரு தோடு குறைஞ்சாக்கூட அவ மூஞ்சியில நான் எப்படிங்க முழிப்பேன்? இப்பத்தான் ஒட்டியிருக்கு. மறுபடி அறுந்துச்சுன்னா அவ்ளோதான்."



"அப்போ கண்காட்சி வேண்டாம். வீட்லயே இருப்போம்" என்றான் வாத்தியார் வேகமாக. அவன் முகத்தில் பயத்தைவிட நிம்மதி ஒரு பிடி கூடுதலாக இருந்ததை நான் சொல்லாமல் விட்டால் அது துரோகம்.

"நாளைக்குத்தான் கடைசி நாள்! அந்த சிங்க்கைப் பாருங்க. நேத்து ராத்திரிகூட ஒழுகியிருக்கு."

"குழாயை மூடலியா நீ?"

"நீங்க மூடிட்டீங்கன்னு நினைச்சேன்."

"நான் நீ மூடிட்டேன்னு நினைச்சேன்."

கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தம்பதி இப்படித்தான். அவள் செய்திருப்பாள் என்று அவன். அவன் செய்திருப்பான் என்று அவள். இந்த நம்பிக்கையில்தான் மாடியில் தண்ணீர்த் தொட்டி வழியும். கரண்ட் பில் கெடு தாண்டும். அபார்ட்மென்ட்டே விழுந்து விழுந்து சிரிக்கும்.

டாக்டர் பால்கனிப் பக்கம் போய்ப் பதறினாள். வாத்தியார் பாத்ரூம் பக்கம் போய்ப் பதறினான்.

கொஞ்ச நேரத்தில் காலிங்பெல்!

வாசலில் ஒரு பெண். பேன்ட், முழுக்கைச் சட்டை, இறுக்கிக் கட்டிய கொண்டை, இரும்பு மாதிரி முகம். ஒரு கார்டை நீட்டி, படிப்பதற்குள் மடக்கினாள்.

"இன்ஸ்பெக்டர். மஃப்டியில வந்திருக்கேன். மிரட்டல் போன் வந்தது இந்த வீட்டுக்குத்தானே?"

டாக்டர் கணவனைப் பெருமையாகப் பார்த்தாள்.

வாத்தியார் மனைவியைப் பெருமையாகப் பார்த்தான்.

"வாங்க மேடம், உட்காருங்க!"

இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை. ஹாலை ஒரு சுற்று சுற்றினாள். ஜன்னலை இழுத்துப் பார்த்தாள்.

"இவன் பேரு 'சவால்'. முன்கூட்டியே சொல்லிட்டுத் திருடறவன். ரொம்ப நாளா எங்க கண்ணுல விரலை விட்டு ஆட்டறான். நகை எங்க இருக்கு?"

"பெட்ரூம் அலமாரியில" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

"மொத்தமும் ஒரே இடத்துலயா?"

"ஆமா மேடம், ஒரே பெட்டியில" என்றாள் டாக்டர். "இப்பவே கொண்டு போய் எங்க அக்காகிட்ட கொடுத்துடட்டுமா?"

"கூடவே கூடாது! அதைத்தான் அவன் எதிர்பார்க்கறான். ரோட்டுல மடக்கிடுவான். அலமாரியைப் பூட்டுங்க. சாவியை எங்கிட்ட குடுங்க. நாளைக்கு நீங்க ஜாலியா கண்காட்சிக்குக் கிளம்புங்க. நான் உள்ள உட்கார்ந்திருப்பேன். வந்தான்னா... அமுக்கிடுவேன்!"

"நகையை ஒரு தடவை பார்த்துடறீங்களா மேடம்?"

"நோ! பொதுமக்கள் நகையை நாங்க தொடக்கூடாது. ரூல்ஸ்."

'எவ்வளவு நேர்மை!' என்று டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா... அவன் வேவு பார்ப்பான். சும்மா போயிட்டு உடனே திரும்பினா சந்தேகப்படுவான். முழு நாளும் அங்க இருக்கணும். எப்படிப் போகப் போறீங்க, பிளான் சொல்லுங்க."

இதைக் கேட்கத்தானே டாக்டர் பிறவி எடுத்திருந்தாள்!

"கேட் திறந்ததும் முதல் ஹால். டைல்ஸ். அப்புறம் குழாய், சிங்க். மாடுலர் கிச்சன் பார்த்துட்டு மத்தியானம் சாப்பாடு. சாயங்காலத்துக்குள்ள வந்துடலாம்."

"தப்பு!" இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினாள். "முதல் ஹால்லதான் எல்லாரும் மொய்ப்பாங்க. நீங்க நேரா கடைசி ஹாலுக்குப் போங்க. அங்கேருந்து பின்பக்கமா வாங்க. ஒவ்வொரு டிராயரையும் இழுத்துப் பாருங்க. மூடும்போது சத்தம் வருதான்னு கேளுங்க. அவசரமே படாதீங்க."

"கரெக்ட் மேடம்! இவர் இருக்காரே, பத்து நிமிஷத்துல கால் வலிக்குதும்பார்."

"கால் வலிச்சா சோபா ஸ்டால்ல உட்கார வைங்க. வாங்கற மாதிரியே உட்காரலாம். எவனும் எழுப்ப மாட்டான்."

வாத்தியார் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த யோசனை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"சார் நல்ல செருப்பாப் போடுங்க, ஷூ வேண்டாம். பெரிய பை ஒண்ணு எடுத்துக்கங்க. போற வர்ற இடமெல்லாம் நோட்டீஸ் குடுப்பாங்க. சரி, டிக்கெட் எடுத்தாச்சா?"

"இவர் எடுத்துட்டார்."

"நானா? நீ எடுக்கலியா?"

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் நெற்றியில் லேசாக ஒரு நரம்பு துடித்தது. பிறகு தன் செல்போனை எடுத்து, இரண்டு டிக்கெட்டைத் தானே போட்டாள்.

"இருக்கட்டும். டிபார்ட்மென்ட் செலவு."

மறுநாள் காலை, கார் வரைக்கும் வந்து கையாட்டி வழியனுப்பினாள்.

கண்காட்சி என்றால் கண்காட்சி! தானாக மூடுகிற டிராயர், கைகாட்டினால் கொட்டுகிற குழாய், புகையை முழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாத சிம்னி! டாக்டர் ஒவ்வொரு டிராயரையும் நோயாளியின் வாயைத் திறப்பது மாதிரி திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "இது தாங்காதுங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். ஸ்டால்காரர்கள் வியர்த்தார்கள். வாத்தியார் சோபா ஸ்டாலில் குறட்டைக்கு ஒரு படி முன்னால் இருந்தான்.

"இந்த சோபாவைப் பத்தி அவங்க சொன்னது நூத்துக்கு நூறு!" என்றான் கண்ணைத் திறக்காமல். "தங்கமான இன்ஸ்பெக்டர். நல்லவேளை, நேத்து நீ போலீசுக்கு போன் பண்ணே."

டாக்டர் கையிலிருந்த நோட்டீஸ்கள் நழுவி விழுந்தன.

"நானா? நான் எங்க பண்ணேன்? நீங்கதானே பண்ணீங்க?"

வாத்தியார் கண்ணைத் திறந்தான்.

"நீதான் பால்கனியில நின்னு..."

"நீங்கதான் பாத்ரூம்ல நின்னு..."

அவனும் பண்ணவில்லை.

அவளும் பண்ணவில்லை!

அப்படியானால்... வீட்டுக்குள் அலமாரிச் சாவியோடு உட்கார்ந்திருப்பது யார்?

"அய்யோ... அக்கா!"

டாக்டர் ஓடினாள். வாத்தியாரும் ஓடினான். கால் வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கார் பறந்தது. வழிநெடுக டாக்டர் அழுதாள். "நகை போனாப் போகட்டுங்க. நான் அமுக்கிட்டு நாடகமாடறேன்னு அக்கா நினைச்சிட்டா? அதை எப்படிங்க தாங்குவேன்?"

வாத்தியார் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

அபார்ட்மென்ட் வாசலில் காரைப் போட்டபடி போட்டுவிட்டு, "திருடி! திருடி!" என்று கத்திக்கொண்டே படியேறினார்கள். வாட்ச்மேன் தடியோடு பின்னால் வந்தார். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன.

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினார்கள்.

பெட்ரூம்... யானை புகுந்த வயல்!

புடவைகள் தரையில். மெத்தை கிழிந்து பஞ்சு பறந்தது. லாஃப்டிலிருந்த பாத்திரங்கள்கூட இறங்கிவிட்டன. நடுவே, கொண்டை அவிழ்ந்து, கையில் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தாள் 'இன்ஸ்பெக்டர்'. ஓடிப்போயிருக்க வேண்டியவள். போகவில்லை. வெறுங்கையோடு போக அவளுக்கு மனசு வரவில்லை.

"வாங்க!" அதே கரகரத்த ஆண் குரல் இப்போது அவள் தொண்டையிலிருந்தே வந்தது. "காலையிலேருந்து தேடறேன். நகை எங்கடா?"

"அலமாரியில..." என்றாள் டாக்டர்.

"அலமாரியில அந்துருண்டைதான் இருக்கு! கல்யாணத்துல போட்டோகிராபருக்கு லைட் பிடிச்சவ நான். லைட் பிடிக்கறவ மூஞ்சியை எவனும் பார்க்க மாட்டான்... கண்ணு கூசும். ஆனா உன் கழுத்தை நான் நல்லாப் பார்த்தேன். நீ கண்காட்சிக்குப் போறதை மண்டபம் பூரா சொன்னதையும் கேட்டேன். எல்லாம் சரியாத்தான் போச்சு. எங்கடி அந்தப் பெட்டி?"

டாக்டர் திரும்பினாள்.

"என்னங்க... நீங்கதானே அன்னிக்கு ராத்திரி பெட்டியை எடுத்துட்டு வந்து உள்ள வச்சீங்க?"

"நானா? கார் டிக்கியில வச்சது நான். வீட்டுக்கு எடுத்துட்டு வந்தது நீயில்ல?"

"நான் தூங்கிட்டே படியேறினேன். நீங்க எடுத்துட்டு வந்துட்டீங்கன்னு..."

"நான் நீ எடுத்துட்டேன்னு..."



"அப்படின்னா..." டாக்டரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பெட்டி இன்னும் டிக்கியிலயா? இன்னிக்குப் பூரா கண்காட்சி பார்க்கிங்லயா?"

திருடி தலையில் கை வைத்தாள். "கார் வரைக்கும் வந்து கையாட்டினேனேடா... அந்த டிக்கி மேல சாஞ்சிக்கிட்டே கையாட்டினேனே!"

திடீரென்று துள்ளி எழுந்தாள். ஸ்குரூ டிரைவர் வாத்தியாரின் கழுத்துக்கு நேராக வந்தது.

"கார் சாவி! எடு!"

"சாவி... அவகிட்ட."

"எங்கிட்டயா? ஓட்டினது நீங்கதானே?"

"இறங்கும்போது நீ எடுத்துட்டேன்னு நினைச்சேன்!"

"நான் நீங்க எடுத்துட்டீங்கன்னு..."

"வாயை மூடுங்கடா ரெண்டு பேரும்!" என்று அலறினாள் திருடி.

அந்த அலறலில் வாட்ச்மேன் உள்ளே பாய்ந்தார். தடி ஒரு போடு. ஸ்குரூ டிரைவர் கட்டிலுக்கு அடியில் உருண்டது. பின்னாலேயே நாலு மாடி ஜனமும் அறைக்குள் நிரம்பியது. அசையக்கூட இடமில்லை.

வாத்தியார் கீழே ஓடினான். சாவி காரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. டிக்கியைத் திறந்தான். ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில், பழைய போர்வைக்கு அடியில், சமத்தாக உட்கார்ந்திருந்தது பெட்டி!

மேலே கொண்டுவந்து கொடுத்தான். டாக்டர் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதாள். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"அக்கா வரட்டும். நடந்ததை அப்படியே சொல்லிடுவோம்."

"திட்டுவா."

"திட்டட்டுமே. பேசறாங்க இல்ல?"

டாக்டர் அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. திருடியைச் சுற்றிக் கூட்டம் நின்றுகொண்டே இருந்தது. வாட்ச்மேனுக்குக் கை வலித்தது.

"ஏம்மா, போலீஸ் இன்னும் வரலியே?" என்றார் அவர்.

டாக்டர் கணவனைப் பார்த்தாள்.

வாத்தியார் மனைவியைப் பார்த்தான்.

"நீங்க இன்னும் போன்..."

"நீ பண்ணிட்டேன்னு..."

திருடி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

"தெய்வங்களே... போனை இப்படிக் குடுங்க, நானே பண்ணிக்கறேன்!"