ஏரித் திருப்பத்து நிறுத்தம்

நூலகப் பேருந்தின் பின் அலமாரியில் புத்தகங்கள் மறுபடியும் முன்னால் வந்திருந்தன.

யோன்னா அவற்றைச் சமமாகத் தள்ளி வைத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. எல்லாம் வரவில்லை. ஒன்று இங்கே, இரண்டு அங்கே, விரல் நுழையும் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. யாரோ எடுக்கப் பார்த்து, வேண்டாமென்று விட்டுவிட்டது போல. வண்டி குலுங்கினால் எல்லாப் புத்தகமும்தானே நகர வேண்டும் என்று ஒருமுறை ஓட்டுநர் ரெய்யோவிடம் கேட்டாள். அவர் குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அடுக்கி வை. அவ்வளவுதான் உன் வேலை" என்றார்.

இன்று அவரும் இல்லை. முதுகு பிடித்துக்கொண்டது என்று காலையில் போன் வந்தது. பெரிய வண்டி ஓட்டும் உரிமம் யோன்னாவிடம் இருந்ததால் நூலகப் பேருந்தை அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஓட்டவும் வேண்டும், புத்தகம் கொடுக்கவும் வேண்டும், பனியைச் சுரண்டவும் வேண்டும்.

ஏழு வருடம் பால் லாரி ஓட்டிக்கொண்டே படித்து நூலகர் ஆனவள் அவள். துப்பறியும் கதை கிடைத்தால் சாப்பாடு தூக்கம் வேண்டாம். அதே கதை திரையில் ஓடினால் உலகமே வேண்டாம். நாள் முழுக்கக் கதைகளைப் பற்றிப் பேசுகிற வேலை என்று நம்பித்தான் இதற்கு வந்தாள். கிடைத்ததோ, பிள்ளைகள் ஜாம் பூசிய பக்கங்களைத் துடைப்பதும், கீறல் விழுந்த டிவிடிகளைத் தேய்ப்பதும், "அதாம்மா, சிவப்பு அட்டை போட்டது" என்பவர்களுக்குத் தேடிக் கொடுப்பதும். சேர்ந்ததிலிருந்து ஒரு நாவலைக்கூட அவள் முடிக்கவில்லை. எரிச்சலாக இருந்தது. தகுதிகாண் காலம் வேறு. வாயைத் திறக்க முடியாது.

ஒரே ஒரு தொடரை மட்டும் விடாமல் பார்த்து வந்தாள், மகள் வென்லாவோடு. பத்து வயதுக்காரி, அப்பா வீட்டில் இருக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அப்பா கொண்டுவந்து விடுவார். கடைசி அத்தியாயத்தை யாரும் தனியாகப் பார்க்கக் கூடாது என்று இருவருக்குள்ளும் சத்தியம். போன முறை யோன்னா வர ஏழேகால் ஆகிவிட்டது. குழந்தை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது. "அடுத்த தடவையும் லேட்டுன்னா நான் வரவே மாட்டேன்மா. அப்பா வீட்லயே இருந்துக்கறேன்." அழாமல் சொன்னாள். அதுதான் யோன்னாவுக்குத் தாங்கவில்லை.

இன்று அந்த அடுத்த தடவை.

வடதுருவத்தை ஒட்டிய நாடு, டிசம்பர் மாதம். மதியம் இரண்டுக்கே இருட்டியிருந்தது. பனிக்காற்றில் ஒவ்வொரு நிறுத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனது. கடைசி ஊரில் ஏறிய சிர்க்கா என்ற மூதாட்டி, பின்னல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூனைக்கு நடந்த ஆபரேஷனை ஆதியோடந்தமாகச் சொன்னாள். யோன்னா கடிகாரத்தைப் பார்த்தபடி தலையாட்டினாள். திடீரென்று சிர்க்கா பேச்சை நிறுத்தி ஓரமாக ஒதுங்கினாள்.

"அய்யோ, பின்னாடி நிக்கறவங்களுக்கு வழிய மறைச்சுட்டேன் பாரு. நீங்க போங்க, போங்க."

இடைவழியில் யாரும் இல்லை. கிழவிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தபடி, அவள் இறங்கியதும் யோன்னா கதவைச் சாத்தினாள்.

மீதி இருந்தது ஏரித் திருப்பம் மட்டும். அங்கே ஒரு வீடும் கிடையாது. சாலையோரம் வரிசையாகத் துருப்பிடித்த தபால்பெட்டிகள், அவற்றுக்குப் பின்னால் உறைந்த ஏரி, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைதோறும் ரெய்யோ அங்கே கால் மணி நேரம் வண்டியை நிறுத்துவார். உள்விளக்கை அணைப்பார். பின் கதவைத் திறந்துவிட்டு, குளிர் முதுகில் ஏற ஏற, முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் போனிலும் அதையேதான் பேசினார்.

"ஏரித் திருப்பத்துல நிறுத்திடு. பின் கதவத் திற. நீ திரும்பிப் பாக்காத."

"அங்க ஈ காக்கா வராதே ரெய்யோ. டீசல்தான் வீண்."

"உன் அப்பன் வீட்டு டீசலா? நிறுத்துன்னா நிறுத்து."

தபால்பெட்டிகள் விளக்கொளியில் தெரிந்தன. ஐந்தே கால். இங்கே கால் மணி நேரம் நின்றால் ஆறுக்கு வீடு போய்ச் சேர முடியாது. யாரும் வராத இடத்தில், யாருக்காகவோ, தன் பிள்ளையை மறுபடியும் படியில் உட்கார வைக்க வேண்டுமா? யோன்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தாள். தபால்பெட்டிகள் பின்னால் போயின.

டிங்.

பின் கதவருகே இருக்கும் பொத்தானின் ஓசை. குளிரில் ஒயர் கெட்டிருக்கும்.

டிங். டிங்.

பின்னால் இருப்பவர் பொறுமையோடு, நாகரிகமாக அழுத்துவது போல் இருந்தது. பிறகு விடாமல், டிங்டிங்டிங்டிங் என்று, பொத்தானிலேயே கை வைத்துக்கொண்டது போல. அவள் வேகத்தைக் கூட்டினாள். வண்டி திருப்பத்தைத் தாண்டியது, பாலத்தைத் தாண்டியது. சட்டென்று ஓசை நின்றது.

ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியும் பிடரியில் குளிர் ஏறியது. வெந்நீரில் நனைத்த கம்பளியும் ஏரியடிச் சேறும் கலந்த ஒரு வாடை இருக்கைகளைத் தாண்டி மெதுவாக, அவசரமில்லாமல், முன்னால் வந்தது. பின்கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தாள். பார்க்கவில்லை. ஒரு புத்தகம் விழுந்தது. இன்னொன்று. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இன்னொன்று.

ஊருக்குள் வந்து, கொட்டகையில் வண்டியை நிறுத்தி, எல்லா விளக்கையும் போட்டாள். வண்டி காலி. இடைவழி நெடுகப் புத்தகங்கள் கிடந்தன. கடைசியாக விழுந்தது அவள் இருக்கைக்கு நேர் பின்னால் கிடந்தது, திறந்தபடி, பக்கங்கள் ஈரமாக.

பின் கதவைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். எதுவும் அசையவில்லை. போன் அடித்தது.

"ஏரித் திருப்பத்துல நிறுத்துனியா?" ரெய்யோதான்.

வேலை போய்விடும் என்ற பயம் முந்திக்கொண்டது. "நிறுத்தினேன்."

"கதவு?"

"திறந்தேன். அங்க யாரு ரெய்யோ ஏறப் போறாங்க?"

"ஏற எவன் இருக்கான் அங்க? எங்க ஏறுதுன்னு எனக்கும் தெரியாது. இறங்குற இடம்தான் தெரியும்."

அவள் ஈரப் புத்தகத்தைப் பார்த்தாள். "இறங்கலைன்னா?"

ரெய்யோ குரலைத் தாழ்த்தினார்.

"நிறுத்துனேன்னு சொன்னியே."

"ஆமா."

"அப்புறம் எதுக்குக் கேக்கற?"

உண்மையைச் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் திரும்பி அந்தத் திருப்பம் வரை ஓட்டிப் போக வேண்டியிருக்கும், இருட்டில், தனியாக, அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. வென்லா படியில் காத்திருப்பாள். "சும்மாதான்" என்று சொல்லிப் போனை வைத்தாள். எல்லாம் பிரமை என்று தன்னையே திட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, வீடு வரை ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. வென்லா அப்போதுதான் காரிலிருந்து இறங்கினாள்.

"அம்மா! வந்துட்டியே!"

அந்தக் கத்தலுக்காக இன்னும் பத்து நிறுத்தங்களைத் தாண்டலாம் என்று தோன்றியது. மகளை இறுக்கிக்கொண்டாள். இருவரும் வாசலில் காலணியைக் கழற்றினார்கள். மக்கரோனியைச் சூடு செய்து சாப்பிட்டார்கள். விளக்கை அணைத்து, ஒரே போர்வைக்குள் கால் நீட்டி, தொடரைப் போட்டார்கள். யோன்னா சோளப்பொரிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளுக்கு அழுகை வரும் அளவுக்கு நிம்மதியாக இருந்தது.

பாதியில் அந்த வாடை வந்தது.

கம்பளி. சேறு.

சோபா மெல்ல அமுங்கியது.

"அம்மா, உன் கை ஜில்லுன்னு இருக்கு," என்றாள் வென்லா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

யோன்னா தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் கிண்ணத்தில் இருந்தன.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்து கேட்கவில்லை. திரையில் யார் யாரையோ விசாரித்தார்கள். கொலைகாரன் அகப்பட்டான். அது யாரென்று அவள் மனதில் பதியவில்லை. பெயர்கள் ஓடின. இசை நின்றது.

திரை கறுத்தது.

ஜன்னல் வழி வந்த தெருவிளக்கு வெளிச்சத்தில், கறுத்த திரைக் கண்ணாடியில் சோபா தெரிந்தது. இந்த ஓரத்தில் கிண்ணத்தோடு அவள். அந்த ஓரத்தில் வென்லாவின் கால்கள். நடுவே ஒரு மடி. வென்லா அதில் தலை வைத்துப் படுத்திருந்தாள். தண்ணீர் சொட்டும் ஒரு நீளமான கை அவள் முடியை மெதுவாகக் கோதிக்கொண்டிருந்தது. அதன் முகம் திரைப் பக்கம் இல்லை. யோன்னாவின் பக்கம் திரும்பியிருந்தது.

"அம்மா," என்றாள் வென்லா, தூக்கக் கலக்கத்தில். "இனிமே நான் அப்பா வீட்டுக்குப் போகல. உங்கூடவே இருந்துக்கறேன். சரியா?"

யோன்னா வாயைத் திறப்பதற்குள், கண்ணாடியில் அந்தத் தலை மெல்ல அசைந்து சம்மதம் சொன்னது.