தொண்ணூற்றேழின் மடங்குகள்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். காப்பி போட்டு நின்றபடியே குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். வாசிப்பானை இயக்கி, மனைவி செவ்வந்தியின் குரலில் ஒரு வாக்கியம் கேட்டான். "உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" அணைத்தான். சட்டை மாட்டினான்.

அவள் இறந்து அன்றோடு ஓராண்டு. சேந்தனுக்கு வயது இருபத்தொன்பது.

ஒருவர் இறந்ததும், அவர் கடைசியாகப் பேசியதை, கழுத்தில் அணிந்திருக்கும் பதிவி எட்டாயிரம் இலக்கமுள்ள ஒரே முழு எண்ணாக மாற்றிவிடும். அது குரலெண். வாசிப்பான் அதைத் திரும்பப் பேச்சாக்கும். குரலெண் தொண்ணூற்றேழால் மீதியின்றி வகுபட வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் மீதி வரும். வாசிப்பான் வாய் திறக்காது.

கடைசி நாளில் செவ்வந்தி வாசலில் நின்று ஏதோ சொன்னபோது அவன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தலையாட்டினான். தெருமுனையில் அவள் மேல் லாரி மோதியது.

குரலெண் கைக்கு வந்தபோது கேட்கத் துணிவில்லை. கணிதம் படித்தவன். அதோடு தொண்ணூற்றேழைக் கூட்டினான். மீதி வரவில்லை. அவள் சொல்லாத, சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம் வந்தது. மறுபடி கூட்டினான். கழித்தான். பிடித்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டான். மூல எண்ணுக்கு அடையாளம் வைக்கவில்லை. வாசிப்பான் எல்லாவற்றையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டது. தினமும் அவன் கேட்டது முதல் சிலவற்றை மட்டுமே.

ஓராண்டு முடிந்தால் இறந்தவருக்கு ஓர் எண்தான் காப்பகத்தில் இருக்கலாம். மற்றவற்றை அழித்துவிடுவார்கள்.

காப்பக எழுத்தர் மாரிக்கண்ணு திரையைப் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணுமே மீதியில்லாம வகுபடுது. பொண்டாட்டி ஒருத்திதானே தம்பி?"

அவன் சிரிக்கவில்லை. அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்க. எது நெசம்?"

"தெரியலக்கா."

"கூட வாழ்ந்த உங்களுக்கே தெரியலன்னா இந்த எந்திரத்துக்கு எங்க தெரியும்?"

ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். அன்பு. மன்னிப்பு. மறுபடி அன்பு. மாரிக்கண்ணு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"குடுத்து வச்சவரு நீங்க. கண்ண மூடிட்டு ஒண்ண எடுங்க."

முப்பத்துமூன்றாவது ஓடியது. அவள் கை அடுத்ததற்குப் போனது.

"இருங்க," என்றான்.

"இதுல ஒண்ணுமே இல்லியே தம்பி."

அவன் வைத்துக்கொண்டவை எல்லாம் அவனுக்குப் பிடித்தவை. இப்படி ஒன்று வந்திருந்தால் அன்றே அழித்திருப்பான். இதை அவன் உண்டாக்கவில்லை.

"இதுதான்க்கா."

"நல்லா யோசிங்க. மத்தது போனா திரும்பாது."

விரல் பதித்தான். பட்டியலில் ஒரு வரி மட்டும் நின்றது.

"இன்னொரு தடவ போடுங்க."

"மேல்வீட்டு ஏணியத் திருப்பிக் குடுத்துருங்க. மூணு தடவ சொல்லிட்டேன். காதுல விழுதா?"